உன் ஈரலில் கண்டதைச் சொல்லாதவர்கள்

மாப்பிள்ளை, உன் ஈரலில் ஊசியை விட்டுச் சதை எடுத்தவர்கள், அதில் கண்டதை உன்னிடமும் சொல்லவில்லை, உனக்கு வாக்கப்பட்ட என் தங்கையிடமும் சொல்லவில்லை. நீ போய் இத்தனை காலம் ஆகியும் நான் அதை விடுவதாக இல்லை.

இன்று முதுகுளத்தூரில் சவரம் முடித்தவர் என் கன்னத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்தார். அந்தக் குளிர்ச்சி பட்டதும் அவர் கையைத் தள்ளிவிட்டேன். முகத்தைக்கூடத் துடைக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

உனக்குக் காமாலை கண்டபோது கீழாநெல்லி கொடுத்தோம், கையில் சூடு போட்டோம். மஞ்சள் வடிந்தது, வயிற்றுக் கனம் போகவில்லை. அப்போதுதான் ஈரல் நோய் ஆராய்ச்சி என்று பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். உன்னைக் கூட்டிப் போய் ரத்தமும் துணுக்குச் சதையும் எடுத்தார்கள். துணைக்கு வந்த என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"என்ன மச்சான், என் ஈரல மிளகு போட்டு வறுத்துத் திங்கப் போறாய்ங்களா?"

"உன் ஈரலு கசக்கும் மாப்ள. நாய்கூடத் திங்காது."

அடுத்த மாசியில் குலதெய்வத்துக்கு முடியிறக்கினோம். வேண்டுதல் உனக்கு என்பதால் முதலில் நீ உட்கார்ந்தாய். உன் தலையில் கத்தி கீறி ரத்தம் துளிர்த்தது. கத்தியைத் துணியில் துடைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வழித்தார்கள். ஒரே கத்தியில் இறக்கினால்தான் குடும்பம் பிரியாது என்பது நம் வகையறா வழக்கம். உன் மகன், தாய்மாமன் என் மடியில் இருந்தான். அவனுக்கும் கீறியது. நான்தான் படிகாரம் தேய்த்தேன்.

நீ போனாய். அவன் வளர்ந்தான். முறைப்படி என் மகளை அவனுக்குக் கொடுத்தேன். இப்போது அவன் வயிறும் உன் வயிறு போலவே வீங்கியிருக்கிறது. அன்று ஜீப்பில் வந்தவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"அவருக்கு ஈரல்ல கிருமி இருந்துச்சு. ரத்தத்துல பரவும். அதுதான் கேன்சர்ல கொண்டுபோய் விட்டுச்சு. எங்களுக்கு அப்பவே தெரியும்."

"அப்ப ஏன்யா சொல்லல?"

"ஆராய்ச்சியில ஆளாளுக்கு முடிவு சொல்றது வழக்கம் இல்ல, பெரியவரே."

அவர்களுக்கு ஒரு வழக்கம். நமக்கு ஒரு வழக்கம். இரண்டுக்கும் நடுவில் அன்று என் மடியில் உன் பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கத்தியில்தான் தொற்றியதா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லோடுதான் இப்போது தூங்கி எழுகிறேன்.

வரும் மாசியில் நம் பேரனுக்கு மொட்டை. தங்கை பிடிவாதம் பிடிக்கிறாள்.

"சாமி காரியத்துல குறுக்க நிக்காத, அண்ணே. கத்தி பிரிஞ்சா குடும்பம் பிரிஞ்சிரும்."

"குடும்பமே இல்லாமப் போனா, கத்திய வச்சு என்னத்தா செய்வ?"

அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் மகனை மதுரையில் வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும். அது என் பொறுப்பு. என் மகளையும் பேரனையும் ரத்தம் சோதிக்கத் தங்கை கூட்டிப் போக வேண்டும். கிருமி இல்லையென்றால் அன்றே நர்சம்மா தடுப்பூசி போட வேண்டும். கோயிலில் முடியிறக்குபவர் தலைக்கொரு புதுப் பிளேடு எடுக்க வேண்டும். ஜீப்பில் வந்தவர்கள், ரத்தம் எடுத்த ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் திரும்பி வந்து, கண்டதைச் சொல்ல வேண்டும்.

நானும் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை. முடியிறக்கிய அன்று மிளகாய் பறித்து என் விரலெல்லாம் வெடித்திருந்தது. அந்த விரலால்தான் ரத்தம் துளிர்த்த உன் தலையிலும் படிகாரம் தேய்த்தேன்.