இடது பின்சக்கரம்

ஆகஸ்ட் 5, 2025

இன்றும் காருக்குச் சக்கர அலைன்மென்ட். இந்த வருஷத்தில் மூன்றாவது முறை. திரையில் முன்சக்கரங்கள் இரண்டும் பச்சை. "பக்காவா இருக்கு சார்" என்றான் கடைக்காரன். நூறடி ரோட்டில் ஏறியதும் வண்டி பழையபடி வலப்பக்கம் நழுவுகிறது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகிறது. எட்டு வருஷமாக இப்படி.

என் மனைவியின் தம்பி டோனி இந்த எஸ்டீம் காரை இரவல் வாங்கிப் போய், கடலூரில் நடுரோட்டு மீடியன் மேல் ஏற்றிக்கொண்டு வந்த நாளிலிருந்து.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயில் பூசையில் மகள் மெரினின் கல்யாண அறிவிப்பு, மூன்று ஓலையில் முதல் ஓலை, வாசித்தார்கள். "தனிஸ்லாஸ், சூசைமேரி ஆகியோரின் மகள்" என்றதும் சூசை அழுதாள். மகிழ்ச்சி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"இன்னும் ரெண்டு ஓலதான். என் தம்பிக்குப் பத்திரிக வைக்கல. தாய்மாமன் உசுரோட இருக்கசொல்ல, பொண்ணக் கையப் புடிச்சி கார்ல ஏத்துறது யாருங்க?"

நான் ஏற்றுகிறேன் என்றேன். வண்டியைக் கெடுத்தவன் அதே வண்டியில் என் மகளை ஏற்றுவதா?

ஆகஸ்ட் 12

கல்லூரியில் துறைத்தலைவர் பலராமன், என்னைவிட ஆறு வயது இளையவன், எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன், "வித்துட வேண்டியதுதான சார்?" என்றான். இருபத்தைந்து வருஷமாக விசையும் திசையும் பாடம் நடத்துகிறவனுக்கு இவன் யோசனை சொல்கிறான்.

விற்க மாட்டேன். இடித்ததில் வளைந்தது என்று ஒரு மெக்கானிக் வாயால் வர வேண்டும். அதை சூசை பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 16

முத்தியால்பேட்டையில் பக்கிரி என்று ஒருவர். கணினி கிடையாது. முதல் கேள்வியே, "டயர மாத்தி மாத்திப் போடுவீங்களா?"

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, முன்னது பின்னால், பின்னது முன்னால், தவறியதே இல்லை என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அதான் சார். பின்னாடி தேஞ்ச டயரு முன்னாடி வந்து உக்காந்துக்குது. பாத்தவன்லாம் முன்னாடியே நோண்டிருக்கான்."

வண்டியின் இரு பக்கமும் நீளவாட்டில் நைலான் நூல் கட்டி, நூலிலிருந்து சக்கர விளிம்புக்கு ஸ்கேல் வைத்து அளந்தார். வலது பின்சக்கரம் சரி. இடது பின்சக்கரத்தின் முன்விளிம்பு ஆறு மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தது. "பின்பக்கம் இடதால போவுது, அதான் மூக்கு வலதால திரும்புது."

"இடிச்சதுல வளஞ்சதா?"

"அடில படுத்துப் பாத்தாதான் தெரியும். திங்கக்கெழம வாங்க."

சூசையையும் கூட்டிப் போகிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டாம் ஓலை. சூசை என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 18

பக்கிரி அடியில் படுத்து, பின்சக்கரத்தைக் குறுக்கே பிடித்திருக்கும் கம்பியைத் தடவினார். "கம்பி நேரா இருக்கு. இடிச்சிருந்தா இதுதான் மொதல்ல வளையும்."

டார்ச் அடித்துக் காட்டினார். கம்பியின் உள்முனையில் ஒரு போல்ட். அதன் வாஷரில் வரிசையாகக் கோடுகள். போல்ட்டைத் திருப்பினால் சக்கரமும் லேசாகத் திரும்பும். வலதில் குறி நடுக்கோட்டில் நிற்கிறது. இடதில் மூன்று கோடு தள்ளி.

"யாரோ கழட்டிட்டு, கோட்டப் பாக்காம மாட்டிருக்கான். ரப்பர் புஷ் மாத்துனப்ப இருக்கும். எந்த மடையன் சார் மாத்துனது?"

சூசை என் முகத்தையே பார்த்தாள்.

"இவருதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து 2017 நாட்குறிப்பை எடுத்தேன். ஜனவரி 11: "பின்பக்க புஷ் மாற்றியாயிற்று. நானே. இனி ஒரு மெக்கானிக்கிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்." ஜனவரி 14: "வண்டி லேசாக வலப்பக்கம் போகிறது. ரோடு சரியில்லை." பிப்ரவரி 2: "டோனி வண்டி கேட்டான். கொடுத்தேன்."

அதன் பிறகு ஆறு பக்கம் அவனைத் திட்டியிருக்கிறேன். நல்ல தமிழில்.

ஆகஸ்ட் 20

சரியாகிவிட்டது. கனகசெட்டிக்குளம் வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி நேராகப் போகிறது. என் கைதான் இன்னும் இடப்பக்கம் திருப்புகிறது.

அவன் இடித்தானா இல்லையா? இடித்தான். அதையும் அவனே வந்து சொன்னான் — சொல்லாமலே சாவியைத் தந்திருக்கலாம். நாலு பேரு முன்னாடி, "இனிமே என் வாசப்படி மிதிக்காத"ன்னு கத்துனது நான்தான. இவ்வளவு படிச்சி என்ன புண்ணியம்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்றாம் ஓலை. பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய் அந்த நாட்குறிப்பையும் ஒரு கல்யாணப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனேன். சூசையிடம் சொல்லவில்லை. டோனி கதவைத் திறந்து குறுக்கே நின்றான். தலை நரைத்துவிட்டது.

"என்ன மாமா, வண்டி இன்னும் இழுக்குதா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

பத்திரிகையையும் நாட்குறிப்பையும் நீட்டினேன். "ஜனவரி பதினாலு படி."

முன்னும் பின்னும் புரட்டி, நின்றபடியே படித்தான். "ரோடு சரியில்லயா?" சிரிக்கவில்லை. "எங்க அம்மா சாவுக்கு வந்து, தெருவுலயே நின்னுட்டுப் போனீங்க மாமா."

உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

ஆகஸ்ட் 29

ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 3

கல்யாண நாள். காலை ஏழரைக்கு டோனி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றான். "வாடா" என்றேன். சூசை உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

மெரினைக் கைபிடித்துக் காரில் ஏற்றினான். நான் டிரைவர் பக்கம் போனேன். அவன் கையை நீட்டினான். "சாவி, மாமா." கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தேன்.

மிஷன் வீதி காலியாக இருந்தது. டோனி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான். "ஐயோ மாமா!" என்று மெரின் கத்தினாள். வண்டி நேராகப் போயிற்று. கண்ணாடியில் அவன் என்னைப் பார்த்தது தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பலராமன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

2017 நாட்குறிப்பு இன்னும் டோனியிடம்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.