இடது கையில் ஒட்டிய பஞ்சு

விஸ்வநத்தம்,
கார்த்திகை, வியாழக்கிழமை காலை.

அன்பு மருமகள் யோகேஸ்வரிக்கு,

உன் தாய்மாமன் தனுஷ்கோடி மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. இங்கே உன் அம்மா நடக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். இதைவிட நல்ல சேதி என்னிடம் இல்லை. அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நடந்தது அத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் ஆனி மாதமே சொன்னேன். கொரோனா போய்விட்டது என்று ஊரே முகக்கவசத்தைத் தூக்கிப் பரணில் போட்டபோது, டீக்கடை வாசலில் நின்று, "போனவன் செருப்ப விட்டுட்டுப் போயிருக்காம்லே, திரும்பி வருவான்" என்று சொன்னவன் நான். டீக்கடை செல்லச்சாமி சாட்சி. கேட்டால் அவர் இல்லை என்பார், நம்பாதே. அவருக்கு ஞாபகம் கம்மி.

போனில் பேசலாம்தான். உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறாள். அதனால் கடிதம். நர்ஸம்மா ஞானதீபத்தின் மகன் ஜோபின் லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட் திரும்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே சாத்தூர் சேவு இருக்கிறது. பொட்டலம் இளைத்திருந்தால் ஜோபினைக் கேள்.

முதலில் ஊசி விஷயம். வயதானவர்கள் வருஷம் ஒரு தடவை ஃப்ளூ ஊசி போடவேண்டும், அம்மாவும் போடட்டும், நீங்களும் போடுங்கள் மாமா என்று ஆடி மாதம் முழுக்க நீ போனில் தொணதொணத்தாய். உன் அம்மா கேட்டாளா? "கொரோனாவுக்குத்தான் குத்தியாச்சே, இப்ப காய்ச்சலுக்கும் ஒரு ஊசியா? அவ அங்கன உக்காந்துக்கிட்டு என் கையத் துளைக்கப் பாக்கா" என்றாள். நர்ஸம்மா வீடு தேடி வந்து, "அது வேற நோய், இது வேற நோய்க்கா. ஒண்ணுக்குப் போட்டது இன்னொண்ணத் தடுக்காது" என்று விளக்கியும் அசையவில்லை.

அப்புறம்தான் நான் களத்தில் இறங்கினேன். "எக்கா, மொதல்ல நான் போட்டுட்டு வாரேன். எனக்கு ஏதும் ஆச்சுன்னா நீ போடாத" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினேன். அந்த கிளினிக்கில் இளவட்டங்களே கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் ஊசியை முறைத்துப் பார்த்தேன், ஊசிதான் கண்ணை மூடியது. டாக்டர் எழுந்து நின்று, இப்படி ஒரு கையை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். இடது கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக நான் வந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா மறுநாள் நர்ஸம்மாவோடு போய்ப் போட்டுக்கொண்டாள்.

புரட்டாசியில் சீசன் உச்சம். தீபாவளி லோடு கிளம்பும்வரை பட்டாசுக் கம்பெனியில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை என்பது உனக்குத் தெரியும். அக்கா பேக்கிங்கில், நான் வழக்கம்போல் வியாபாரிகளுக்குச் சாம்பிள் வெடித்துக் காட்டும் இடத்தில். என் கை பட்டால் நமுத்த வெடியும் வெடிக்கும் என்று வடக்கத்தி வியாபாரிகள் இந்தியில் புகழ்வார்கள். எனக்கு இந்தி தெரியாது, ஆனாலும் புரிந்துவிடும். வேலைக்குப் போகிற வேன் முழுக்க இருமல். என்னையும் காய்ச்சல் பிடித்துப் படுக்கப் போட்டது. உழைப்புக் காய்ச்சல், அதை விடு. நான் எழுந்து திரும்ப வேலைக்குப் போவதற்குள் அக்காவும் இருமத் தொடங்கினாள்.

வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே பயந்திருப்பார்கள். நம் பக்கம் சீசனில் இருமாதவர் யார்? பட்டாசு மருந்தின் அலுமினியத் தூசி நெஞ்சில் இறங்கியிருக்கும், அதை வெளியே தள்ளட்டும் என்று வாழைப்பழமும் வெல்லமும் வாங்கிக் கொடுத்தேன். அவளும், "தூசிதாம்லே, லோடு போனா இருமலும் போயிரும்" என்று வேன் ஏறிப் போனாள்.

ஒரு சாயங்காலம் பெரிய ஆர்டர் ஒன்றுக்காக ஏகப்பட்ட சாம்பிள் வெடித்துவிட்டு, இருமிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். சட்டையெல்லாம் கந்தகப் புகை. தெருநாயே ஒதுங்கிப்போகிற வாடை. அக்கா கிட்டத்தில் குனிந்து சோறு போட்டுக்கொண்டே, "ஏலே, இன்னைக்கு சாம்பிள் வெடிக்கலையா? மேலுல வாடையே காணோம்" என்றாள். பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், ரெண்டு வார்த்தை பேசியதற்கே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. டாக்டர்களுக்கு மெஷின் வேண்டும், எனக்கு என் சட்டையே போதும் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அப்போது கையைக்கூடக் கழுவாமல் நர்ஸம்மா வீட்டுக்கு ஓடினேன்.

நர்ஸம்மா ஓடிவந்து விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். பார்த்த கையோடு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். விருதுநகர் போய்ச் சேரும்வரை டிரைவர் முனியராஜுக்கு நான்தான் வழி சொன்னேன். அவர் தினமும் ஓட்டுகிற வழிதானாம். இருந்தாலும் நான் சொன்ன பிறகுதான் வேகம் கூடியது.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிப் பெரிதாக எழுத எனக்கு வரவில்லை. கொரோனா என்றார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். டிக்கெட் கிடைக்காமல் நீ அங்கே அழுத அழுகை இங்கே எனக்குக் கேட்டது.

டாக்டர் ஆஷ்லின் என்று ஒரு சின்னப் பெண். உன் வயதுதான் இருக்கும். சோதனையெல்லாம் பார்த்துவிட்டு, "இவங்களுக்குக் கொரோனா மட்டுந்தான், ஃப்ளூ இல்ல. ரெண்டு ஊசியும் போட்டிருக்காங்க, நல்லது. இந்த வயசுல ரெண்டு நோயும் ஒண்ணாச் சேர்ந்திருந்தா நுரையீரல் தாங்குறது ரொம்பக் கஷ்டம்" என்றார். எல்லாம் என் ஏற்பாடு என்றேன். நர்ஸம்மா என்னைத் தனியே இழுத்து, "அண்ணே, ஃப்ளூ ஊசி கொரோனாவத் தடுத்துருச்சுன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியாதீக" என்று கண்டித்தார். சரியென்று பாதி ஊரோடு நிறுத்திக்கொண்டேன்.

வார்டுக்குள் விட்டபிறகு ஒரு காலையில், முந்தினநாள் சாம்பிள் வெடித்த அதே சட்டையில், கஞ்சியோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன். முகத்தைச் சுளித்து, "ஏலே, தள்ளி நில்லு. கந்தகம் நாறுது" என்றாள். வியாபாரிகள் எத்தனையோ புகழ்ந்திருக்கிறார்கள், அது மாதிரி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். புகை பட்டுக் கண் எரிகிறது என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஏது புகை.

அந்த டாக்டர் பெண்ணும், நர்ஸம்மாவும், முனியராஜும், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த பேக்கிங் பெண்களும் நன்றாக இருக்கவேண்டும். எல்லோருக்கும் மேலே நீ. நீ தொணதொணக்காவிட்டால் ஏது ஊசி.

ஜோபினிடம் நீ கொடுத்தனுப்பிய கைக்கடிகாரம் கிடைத்தது. "அம்மாவுக்காக முதலில் கை நீட்டிய மாமாவுக்கு" என்று எழுதி வைத்திருந்தாய். கடிகாரத்தை இன்னும் பெட்டியைவிட்டு எடுக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசி முகாம். பயப்படுகிறவர்களுக்கு நான் பேசித் தைரியம் சொல்லவேண்டுமாம். "என் தம்பிதான் மொதல்ல குத்துனான்" என்று அக்கா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

யோகா, அந்த இடது கையில் ஊசி ஏறவில்லை.

கிளினிக் வாசல்வரை போனேன். உள்ளே யாரோ ஒரு பெரியவர் "ஆ" என்றார். திரும்பிவிட்டேன். மருந்துக்கடையில் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி, பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒட்டிக்கொண்டேன். அணுகுண்டு வெடித் திரியில் நெருப்பு வைக்கிற கைதான், என்ன செய்ய. உழைப்புக் காய்ச்சல் என்று எழுதினேனே, டாக்டர் பெண் என் மூக்கிலும் குச்சி விட்டுப் பார்த்தார். எனக்கு வந்தது ஃப்ளூ. அதோடுதான் அக்கா பக்கத்தில் இருமிக்கொண்டு கிடந்திருக்கிறேன். அவள் மட்டும் ஊசி போடாமல் இருந்திருந்தால்? அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை தாயி.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் முதல் ஆளாக நிற்கப்போகிறேன். அக்கா கேட்டால், பயப்படுகிறவர்களுக்குக் காட்டத்தான் இன்னொரு தடவை என்று சொல்லிக்கொள்வேன். நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கண்ண மூடிக்கோங்கண்ணே, நான் வலிக்காமப் போடுதேன்" என்றார். அதற்குப் பிறகு அதே கையில் உன் கடிகாரத்தைக் கட்டுவேன். அந்த நேரம் ஒரு போன் போடு. எதுவும் பேசவேண்டாம், லைனில் இருந்தால் போதும்.

நீயும் உன் பிள்ளையும் நூறாண்டு நோயில்லாமல் இருக்கவேண்டும். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவள் அந்தப் பஞ்சை நம்பித்தான் கையை நீட்டினாள்.

இப்படிக்கு,
உன் மாமன்
தனுஷ்கோடி