போர்வை அறையில் ஏழு பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் மூவரும் நானும் சொந்தமாக ஏழு பாட்டு எழுதி, போர்வை அடுக்கும் அறையில் செல்போனில் பதிவுசெய்தோம். அங்கே எதிரொலிக்காது. ஆனால் மூன்றாம் பாட்டில் துணி உலர்த்தும் மெஷின் சத்தம் விழுந்து, அதை மீறிக் கத்திப் பாடி சூப்பர்வைசரிடம் மாட்டிக்கொண்டோம். "பாடவா வந்தீங்க? எல்லாத்தையும் அழிங்க" என்றார். அழிக்கவில்லை. அந்தப் பாட்டையே முதலில் வைத்து நாங்கள் தங்கியிருக்கும் விடுதி முழுக்க அனுப்பிவிட்டோம். பயப்படாதீர்கள், வேலை இருக்கிறது. இஸ்திரியிலிருந்து மூட்டை தூக்க மாற்றிவிட்டார், அவ்வளவுதான். யாராவது வந்தால் நீங்கள் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் ஒரு புட்டி கொடுத்தனுப்புங்கள்.

"உன் குரலுக்குக் கழுதை தேவலைடா" என்பீர்களே, அந்தக் குரல்தான் ஏழிலும் பாடுகிறது. தங்கச்சி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். முழுசாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் கூப்பிட்டுத் திட்டுங்கள். நீங்கள் திட்டிக் கேட்டு நாலு மாதமாகிறது.

மணி அடித்துவிட்டது.

பாடுவதை விடாத
உங்கள் மகன்