மேட்டுப் பக்கம்

என்னை எங்கெல்லாமோ ஏற்றித் திரிந்த என் அக்காவுக்கு,

எங்கள் ஓடுகிற வீட்டை, அந்த ஆர்வியை, விற்றுவிட்டேன். சுற்றி வளைத்துச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அஜக்ஸில் ஒரு வீட்டில் இருக்கிறேன். உன் மகன் துஷிதான் தேடிப் பிடித்தான். அவன் வீட்டிலிருந்து நடந்து வருகிற தூரம். சின்ன வீடு, மாடி இல்லை, பின்னுக்கு ஒரு துண்டுப் புல்தரை. காற்றடித்தால் ஆடாது. தெருவில் லொறி போனால் கோப்பைகள் கிலுங்காது. இதொன்றும் எனக்கு இன்னும் பழகவில்லை.

யோசித்துப் பார், அக்கா. நீ கூட்டிக்கொண்டு போகாத ஓரிடத்தில் நான் இருந்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நீதான் கைபிடித்துக் கூட்டிப் போனாய். கனடாவுக்கு நீ முதலில் வந்து பிறகு என்னைக் கூப்பிட்டாய். அஜின்கோர்ட் வீடு நீ பார்த்த வீடு. ஆர்வி நின்ற ஒவ்வொரு இடமும் நீ ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடம். இந்த ஒரு விலாசம்தான் உனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரமாட்டேன் என்று இவ்வளவு நாளும் நான் அடம்பிடித்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. நீ வந்து தேடினால் எங்கே தேடுவாய்?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ ஸ்காபரோவில் ஸ்கூல் பஸ் ஓட்டினவள். ஆள் கட்டை, பஸ்ஸுக்குள் ஏறினால் வெளியே தலை மட்டும்தான் தெரியும். அத்தான் காலமான பிறகு நீ, நான், துஷி என்று மூன்று பேரும் அஜின்கோர்ட் வீட்டில் இருந்தோம். நான் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சனில் வேலை செய்தேன். நான் ஏன் கலியாணம் கட்டவில்லை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வந்தவர்களையும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவாய். துஷி கலியாணம் கட்டிக்கொண்டு அஜக்ஸுக்குப் போனான், உனக்குப் பென்சன் வந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். நீ வீட்டை விற்று, கட்டிலும் அடுப்பும் உள்ள பஸ் மாதிரி ஒரு ஆர்வி வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று ஹோர்ன் அடித்தாய்.

ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையில், தூரத்துச் சொந்தக்கார அன்ரி ஒருவர் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

"வயசு போன நேரத்திலை வீட்டை வித்துப்போட்டு பஸ்ஸுக்கை குடியிருக்கப் போறியளாம், உண்மையோ?"

நீ சோற்றைக் குழைத்தபடியே சொன்னாய். "ஊரிலை கலைக்கக் கலைக்க வீடு மாறினனாங்கள், அன்ரி. இப்ப ஒருத்தரும் கலைக்கேல்லை. நானே ஓட்டிக்கொண்டு மாறப்போறன்."

அன்ரி பிறகு பாயசத்தில்தான் கவனமாக இருந்தார்.

ஊரில் சண்டைக்குப் பயந்து ஓடிக் கலைபட்ட அந்தக் காலத்தில் நாங்கள் இருந்த வீடுகள் ஒன்றிலும் அம்மா பால் காய்ச்சவில்லை. நாளைக்கு எழும்பி ஓட வேண்டிய இடத்தில் யார் பால் காய்ச்சிக் குடிபூருவார்கள்? அது உன் மனதில் எங்கேயோ கிடந்திருக்கிறது. ஆர்வி ஒரு புது இடத்தில் நின்றால், தண்ணீர்க் குழாய் கொழுவ முன், கரண்ட் வயர் செருக முன், சின்னப் பானையில் பால் வைப்பாய். பொங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் அது எங்கள் இடம். மறுநாளே கிளம்புகிற இடமாக இருந்தாலும் உனக்கு அதுதான் சட்டம்.

முதல் தடவை என்ன நடந்தது என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பால் வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. காஸ் அலாரம் கத்தத் தொடங்கியது. எதை அமத்துவது என்று தெரியாமல் நான் துவாயால் விசுக்கிக்கொண்டு நிற்க, பக்கத்து ஆர்வியிலிருந்து ஒரு பெரிய உடம்புக்கார வெள்ளைக்காரர் தீயணைக்கிற சிலிண்டரோடு ஓடிவந்தார். நீ அவரை இருத்தி, மிச்சப் பாலில் சீனி போட்டு, ஒரு வாழைப்பழமும் வைத்துக் கொடுத்தாய். மனுசன் அந்தக் கோடை முழுக்க எங்களுக்கு விறகு பிளந்து தந்தார்.

பிறகு உன் தில்லுமுல்லு தொடங்கியது. பால் கிழக்கே வழிந்தால் நல்லது என்று ஊரில் பொங்கலுக்குப் பார்ப்பார்களே, அதை நீ விதியிடம் விடவில்லை. மேற்குப் பக்கத்து வண்டிச் சில்லைப் பலகையில் ஏற்றி ஆர்வியைக் கிழக்கே கொஞ்சம் சாய்த்து நிறுத்துவாய். பால் நல்ல பிள்ளைபோலக் கிழக்கே வழியும். பிறகு இறக்கி, குமிழி ஓடுகிற நீர்மட்டம் வைத்துப் பார்த்து, சரியாக மட்டம் பிடிப்பாய். மட்டம் இல்லாவிட்டால் ஆர்வி ஃபிரிட்ஜ் குளிராது. இவ்வளவு நேரமும் நான் பின்னால் நின்று "வா, வா, நில்" என்று கை காட்ட வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

"கடவுளையே ஏமாத்துறாய்" என்றேன் ஒருநாள்.

"ஏமாத்தேல்லை. வழி காட்டுறன்" என்றாய். "பிள்ளையளை ஏத்திக்கொண்டு கடவுளே ஓட்டு எண்டு கையை விட்டிட்டே இருந்தனான்? ஸ்ரேறிங் நான்தான் பிடிச்சனான்."

சிலவேளை தெருக்கரையில் ஓர் இரவு மட்டும் தங்குவோம். அப்போது பலகை வைக்க உனக்கு அலுப்பு. நிற்கிற சாய்விலேயே படுப்போம். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று அம்மா சொன்னதெல்லாம் உனக்குக் கணக்கில்லை. "தலையை மேட்டுப் பக்கம் வைச்சுப் படு, இல்லாட்டி காலமை தலையிடிக்கும்" என்பாய். அவ்வளவுதான் உன் சாத்திரம்.

குளிருக்குத் தப்பி நாங்கள் புளோரிடாவுக்குப் போயிருந்த கடைசி மாரியில் உனக்குச் சாப்பாடு மறுத்தது. வயிற்றுக்குள் இருந்தது தெரியவரும்போது ஈரல்வரை போயிருந்தது. பறந்து போகலாம் என்றேன். ஆர்வியை அநாதையாய் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நீயே ஓட்டி வந்தாய். 401 பெருந்தெருவில் லொறிகளுக்கு நடுவில் நீ ஒரு கையால் வயிற்றை அமத்திக்கொண்டு ஓட்டியதை நான் பார்த்தேன். பார்க்காததுபோல இருந்தேன். துஷி வீட்டு வாசலில், அந்தச் சரிந்த டிரைவ்வேயில், நான் பின்னால் நின்று கை காட்ட நிறுத்தினாய். "பலகையைப் பிறகு வைப்பம்" என்று இறங்கினாய். நீ பிறகு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம், மருந்து மயக்கத்திலிருந்து கண் திறந்து கேட்டாய்.

"ஆர்வி மட்டமா நிக்குதோ?"

"இல்லை அக்கா. ரோட்டுப் பக்கம் சரிஞ்சுதான் நிக்குது. நீ வந்து பலகை வை."

நீ திரும்பக் கண்ணை மூடினாய். நித்திரையாகிவிட்டாய் என்று நினைத்தேன்.

"அப்ப தலையை மேட்டுப் பக்கம் வைச்சுப் படு" என்றாய்.

அதற்குப் பிறகு நீ சொன்ன எதுவும் எனக்கு விளங்கவில்லை. மற்றவர்கள் சாகும்போது தேவாரம் சொல்வார்களாம், பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கொடுப்பார்களாம். நீ எனக்கு விட்டுவிட்டுப் போனது இது ஒன்றுதான்.

செத்தவீடு முடிந்தும் நான் ஆர்வியிலேயே இருந்தேன். துஷி எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, புதுக் கட்டில்கூடப் போட்டிருந்தான். போகவில்லை. "சித்தி, அற்லீஸ்ற் பலகை வைச்சு லெவல் பண்ணித் தாறன். யூடியூப்பிலை பார்த்திட்டன்" என்றான். அவனோடு சண்டை பிடித்தேன். பாவம், பிள்ளை நல்லதுக்குத்தான் கேட்டான். மட்டமாகிவிட்டால் நீ கடைசியாகச் சொன்ன சொல்லுக்கு என்ன வேலை? அதை அவனிடம் எப்படிச் சொல்வது? ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை. நான் மேட்டுப் பக்கம் தலை வைத்து அந்தக் கோடை முழுக்க அங்கேயே படுத்தேன். நிம்மதியாகத்தான் படுத்தேன்.

பிறகு யாரோ சிட்டி ஒஃபிசுக்குச் சொல்லிவிட்டார்கள், வீட்டு வாசலில் ஆர்வி இவ்வளவு நாள் நிற்கக் கூடாதென்று. குளிரும் வந்தது. துஷி அதை வாடகைக்கு வாகனம் நிறுத்துகிற ஒரு காணியில் கொண்டுபோய் விட்டான். மாரிக்கு நான் அவன் வீட்டுக்குள் போனேன். உன் ஆட்டை, வருடத் திவசம் முடிந்த கையோடு அவன் என் முன்னால் வந்து இருந்தான்.

"சித்தி, அதை வைச்சு என்ன செய்யப் போறியள்? ஓட்டவும் மாட்டியள். அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பா?"

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஓடாத வாகனம் துருப்பிடிக்கும் என்று சொல்லியிருப்பாய். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

அந்தக் காணிக்கு வாங்க வந்தவர்கள் ஓர் இளம் சோடி, கோயம்புத்தூர்ப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. நீ இருந்திருந்தால் அவர்களை அரை நாள் மறித்து வைத்துப் பாடம் எடுத்திருப்பாய். நானும் முடிந்தவரை சொல்லிக் கொடுத்தேன், குழாய் எங்கே கொழுவுவது, மாரிக்குத் தண்ணீரை எப்படி இறக்குவது என்றெல்லாம். அந்தப் பிள்ளை உன் இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, இத்தனை வருஷம் ரெண்டு பேரும் தனியா இதுலயே இருந்தீங்களா? பயமா இல்லையா?"

"அக்கா இருந்தவ. பிறகென்ன பயம்?" என்றேன்.

எல்லாம் கொடுத்தேன், உன் குடை, மடிக்கிற கதிரைகள், பால் காய்ச்சுகிற பானைகூட. புது இடத்தில் நின்றதும் முதலில் பால் காய்ச்சுங்கள் என்றும் சொன்னேன். பெடியன் அடிப்பெட்டியைத் திறந்து பலகைகளை எடுத்தான்.

"இதுவும் வண்டியோடதானே ஆன்ட்டி?"

"உது இல்லைத் தம்பி. உது நான் கொண்டு போறன். நீங்கள் பிளாஸ்ரிக்கிலை வாங்கலாம்."

அவன் ஆர்வியைப் பின்னுக்கு எடுத்தான். அவள் பின்னால் போய் நின்று கை காட்டினாள். நானும் எனக்குத் தெரியாமலே கையைத் தூக்கியிருக்கிறேன். துஷி மெல்ல வந்து என் கையைப் பிடித்து இறக்கினான். தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

போன ஞாயிறு இந்த வீட்டில் பால் காய்ச்சினோம். ஐயரும் இல்லை, சனமும் இல்லை. நான், துஷி, அவன் மனைவி ஆரணி, அவ்வளவுதான். அடுப்புக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குக் கிழக்கு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை என்பது தெரிந்தது. ஆர்வியில் பால் எந்தப் பக்கம் வழிந்ததோ அதுதான் எனக்குக் கிழக்கு. துஷி போனை எடுத்துப் பார்த்து, "லேக் இந்தப் பக்கம், அப்ப இது சவுத், அது ஈஸ்ற்" என்று காட்டினான். பிறகு கராஜுக்குப் போய் உன் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அடுப்புக்குக் கீழை வைக்கட்டோ, சித்தி? அம்மா செய்யிற மாதிரி."

அவனுக்கும் உன் களவு தெரிந்திருக்கிறது, பார்.

"வேண்டாம் அப்பன். அது தன்ரபாட்டிலை போகட்டும்" என்றேன். வழி காட்டுகிறவள் நீ. நீ இல்லாமல் அந்த விளையாட்டு எனக்குச் சரிவராது.

பால் பொங்கி, கொஞ்ச நேரம் விளிம்பில் நின்று, தெற்கே வழிந்தது. ஆரணியின் முகம் வாடிப்போனது. தெற்கு ஆகாது என்று அவள் அம்மா சொல்லியிருப்பார் போலும். "இன்னொருக்கா வைப்பமோ, சித்தி?" என்று கேட்டாள்.

நான் அடுப்பைத் துடைக்காமல் வழிந்த பாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். தெற்கு யாருடைய திசை, அக்கா? போனவர்கள் இருக்கிற திசை அல்லவா. திவசத்தில் உனக்கு எள்ளும் தண்ணீரும் விட்டபோது துஷியைத் தெற்கே பார்க்கச் சொல்லித்தானே ஐயர் இருத்தினார். இவ்வளவு காலமும் நீ பலகை வைத்துத் தள்ளிய பால், உன் கை இல்லாத முதல் நாளில் உன்னைத் தேடிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் விலாசம் உனக்குக் கிடைத்திருக்கும். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். பிறகு மூன்று பேரும் மிச்சப் பாலில் சீனி போட்டுக் குடித்தோம்.

அவர்கள் போனபிறகு, மத்தியானம் கட்டிலில் சாய்ந்தேன். நித்திரை வரவில்லை. தலையணையை இந்தப் பக்கம் போட்டுப் பார்த்தேன், அந்தப் பக்கம் போட்டுப் பார்த்தேன். உன் நீர்மட்டத்தை எடுத்துக் கட்டில் சட்டத்தில் வைத்தேன். குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றது. இந்த வீட்டில் மேட்டுப் பக்கமே இல்லை. நீ எந்தப் பக்கம் என்று சொல்லாமல் போய்விட்டாய்.

நான் எழும்பிக் கராஜுக்குப் போனேன். உன் பலகைகளில் இரண்டை எடுத்துவந்து, கட்டிலைத் தோளால் நெம்பி, தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே வைத்தேன். முதல் தடவையாக நானே வைத்தேன், அக்கா. பின்னால் நின்று கை காட்ட ஒருத்தரும் இல்லை. ஆனாலும் சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

இனி இந்த வீட்டை விட்டு ஓடமாட்டேன். தை பிறந்தால் இங்கேயே பொங்குவேன். பால் போகிற பக்கம் போகட்டும். துஷியோடு சண்டை பிடிக்கமாட்டேன், முடிந்தவரை. எங்கே படுத்தாலும் தலையை மேட்டுப் பக்கமே வைத்துப் படுப்பேன். நீ பலகை வைக்க எழும்பி வரவேண்டாம். நான் வைத்துவிட்டேன். நீ படு.

கையை இன்னும் இறக்காமல்,
உன் பின்னால் நின்ற தங்கச்சி,
மதி