அம்மாவின் கணுக்காலுக்கு இரண்டு ஊசி

அன்புள்ள சின்னுவுக்கு,

நாங்கள் இருவரும் வீட்டில் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். பதறாமல் கடைசி வரை படி. போன செவ்வாய்க்கிழமை நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகம் எடுக்க ஏணியில் ஏறிய அம்மா தவறி விழுந்து, வலது கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைக்க வேண்டும் என்றார்கள். அவளுக்கு இருக்கிற மூச்சிரைப்போடு முழு மயக்கம் கொடுத்தால் என்ன ஆகும் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், தன் காலையே தொட்டுக் காட்டி விளக்கினார். முழங்காலுக்குப் பின்னால் பெரிய நரம்பு ஒன்று இரண்டாகப் பிரிந்து இறங்குகிறதாம், அங்கே மருந்து போட்டால் கீழ்க்கால் பெரும்பாலும் மரத்துவிடும், உட்பக்கக் கணுக்காலுக்கு மட்டும் தொடையிலிருந்து தனியாக ஒரு மெல்லிய நரம்பு வருகிறது, அதற்கு இன்னொரு ஊசி, மூச்சுக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

உள்ளே நடந்ததை அம்மாவே பிறகு சொன்னாள். ஊசி போட்டபின் ஐஸ் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உட்பக்கம் சில்லென்று தெரிந்தும், எல்லாரும் காத்திருக்கிறார்களே என்று, மரத்துப்போச்சு என்று சொல்லிவிட்டாள். கையைச் சுட்டுக்கொண்டாலும் ஒன்றுமில்லை என்பவள்தானே. ஆனால் அவள் விரல்கள் விரிப்பைப் பிடித்ததை டாக்டரம்மா பார்த்துவிட்டார். “நீங்க பொறுத்துக்கிட்டா எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்க வாய்ச் சொல்லை நம்பித்தானே கத்தி வைக்கப்போறாங்க” என்றாராம். அம்மா அழுதுவிட்டாள். உட்பக்கத்துக்கு மறுபடி மருந்து போட்டு, கால் மணி நேரம் காத்திருந்து, ஐஸ் வைத்தது தெரியவில்லை என்று அவள் நிஜமாகவே சொன்ன பிறகுதான் தொடங்கினார்கள். கொஞ்சமும் வலிக்கவில்லையாம், துளை போடுகிற சத்தம் மட்டும் கேட்டதாம்.

மறுநாள் மத்தியானம் மரமரப்பு விட்டதும், “வலிக்குதுங்க, நர்ஸைக் கூப்பிடுங்க” என்றாள். முப்பத்துநாலு வருஷத்தில் அவள் வாயிலிருந்து இதை நான் கேட்டதேயில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். மாத்திரை கொடுத்தார்கள், அடங்கியது.

ஆறு வாரம் கால் ஊன்றக்கூடாது. சமையல் என் பொறுப்பு, அதை மட்டும் பொறுத்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் எப்படியிருக்கிறாய் என்று இரண்டு தடவை கேள், முதல் பதிலை நம்பாதே. உன் உடம்பையும் பார்த்துக்கொள், நீயும் அவள் மகள்தான். எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. உனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்கச் சொன்னாள். நானாக எழுதவில்லை, அவளே கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா