மிசின் சத்தத்துக்கு மேலே

மச்சாள்,

இன்று காலை மகன் கிணற்றடி இறைப்பு மிசினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினான். அந்த மணம் மூக்கில் ஏறியதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை, மண்ணெண்ணெய், ஈரச் செம்மண். இந்த மூன்றும் சேர்ந்தால் நீங்கள் வந்துவிடுகிறீர்கள். நீங்கள் போய் ஆறு வருடம் என்றால் யார் நம்புவார்?

என் அண்ணையும் நீங்களும் ஞானஸ்நானம் பெற்று வந்த அன்று புத்தூரில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. செத்த வீடு மாதிரிக் கிடந்தோம். என் மனுசன் மட்டும் சும்மா இருக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு; நாள் முறை வைத்துத்தான் இறைப்பு. முறை சொல்வது அவர். உங்கள் புதன்கிழமையைப் பிடுங்கிக்கொண்டு ஞாயிறு காலையை உங்கள் தலையில் கட்டினார். "சேர்ச் வேணுமோ, வெங்காயம் வேணுமோ, பாப்பம்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் அழுவீர்கள், சண்டைக்கு வருவீர்கள் என்று பார்த்திருந்தோம். முதல் ஞாயிறு அண்ணை மிசினடியில் நின்றார். நீங்கள் கணுக்கால் சேற்றில் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தீர்கள். தூரத்தில் சேர்ச் மணி அடித்து ஓய்ந்தது. உடனே பாடத் தொடங்கினீர்கள் பாருங்கள்! மிசின் தடதடவென்று கத்துகிறது, அதற்கு மேலே உங்கள் குரல். சுருதியாவது ஒன்றாவது! ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆருக்குக் கேக்க உந்தக் கத்துக் கத்திறியள்?" என்று வேலிக்கு இப்பால் நின்று கேட்டேன்.

"கேக்கிறவருக்குக் கேக்கும் மச்சாள். உமக்கும் கேக்குதுதானே."

சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு வாய்க்காலை வெட்டி விட்டீர்கள்.

ஒரு வருடம், ஞாயிறு தவறாமல் அதே பாட்டு. வெங்காயம் நடும்போது என் வாயும் அதை முணுமுணுக்க, திடுக்கிட்டு வாயைப் பொத்தியிருக்கிறேன்.

பிறகு அண்ணை காய்ச்சலில் போனார். நாலே நாள். "இனிப் பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை" என்றார் என் மனுசன். அடுத்த ஞாயிறு நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். வந்தீர்கள். கண் வீங்கியிருந்தது. மிசினை நீங்களே இழுத்து இயக்கினீர்கள். மணி ஓய்ந்ததும் முதல் அடியைப் பாடினீர்கள். இரண்டாம் அடியில் குரல் உடைந்துபோனது. மண்வெட்டிப் பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றீர்கள். பாத்தி நிரம்பித் தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு ஓடியது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. செத்தது என்னுடைய அண்ணை அல்லவா? வேலி ஓட்டைக்குள்ளால் புகுந்து வந்து, உடைந்த வரம்பைக் காலால் அடைத்துக்கொண்டு, நீங்கள் விட்ட இடத்திலிருந்து நான் பாடினேன். ஒரு சொல் பிசகவில்லை. என் மனுசன் ஓடிவந்து மிசினை நிறுத்தினார், நான் வெட்கப்பட்டு அடங்குவேன் என்று. மிசின் நின்றதில் என் குரல் ஒழுங்கையின் கடைசி வீடு வரை கேட்டது.

"நீயுமோ?" என்றார்.

"ஓம், நானுந்தான்."

நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். "சந்தோசம் போகேல்லை மச்சாள். நான்தான் கொஞ்சம் மூச்சு வாங்கினனான்" என்றீர்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் என் மனுசனின் சாவையும் உங்கள் சாவையும் தாண்டினேன்.

உங்களுக்குப் பிறகு உங்கள் ஞாயிறு முறையை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது முறை சொல்வது மகன். "அம்மா, நெஞ்சு நோவோடை ஏன் இந்தப் பாடு? ஞாயிறை மாத்தி விடுறன், ஆறுதலாச் சேர்ச்சுக்குப் போங்கோ" என்கிறான். பின்னேர ஆராதனைக்குப் போவேன் என்று சொல்லிவிட்டேன். தண்டனையாகத் தந்த நாள் இது. அதை நான் ஒருவருக்கும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

சற்று முன் மணி அடித்தது. நான் தொண்டையைச் செருமுவதைக் கண்டு, "மிசினை நிப்பாட்டட்டோ அம்மா?" என்று கேட்டான்.

"வேண்டாமடா, ஓடட்டும். அதுக்கு மேலாலை பாடத்தான் நான் பழகினனான்."