நாத்தனாரும் நானும் ஓர் ஏணியும்

3 மார்ச், செவ்வாய்

ஏணி வந்துவிட்டது. ஒரு பெயின்டரிடம் பழசாக வாங்கியது. ஒரு படி ஆடுகிறது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். இரண்டு வாளி, ஒரு ரப்பர் வைப்பர், பிளேடு, வீட்டுக்காரரின் பழைய பனியன்களைக் கிழித்த துணி. அவ்வளவுதான் எங்கள் கண்ணாடி துடைக்கும் கம்பெனி! "என் பனியனத்தான் முதலாப் போட்டியா?" என்று சிரிக்கிறார் இவர். சிரிக்கட்டும். ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துத் துடைத்து சூப்பர்வைசர் வாயில் விழுந்தது போதும்.

இவர் தங்கையும் நாளையோடு பேக்கிங் கம்பெனியை விடுகிறாள். நான்தான் நச்சரித்தேன். "நான் இருக்கேன்ல, வாடி" என்று. ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்ப்பவள். அவசரப்பட்டுவிட்டேனோ? உட்கார முடியவில்லை. சும்மாவே அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

6 மார்ச், வெள்ளி

முதல் வேலை, தையல்கடை. உச்சி வெயிலில் ஆரம்பித்தேன், என் புத்தி அப்படி. சோப்பு காய்ந்து கோடு கோடாக நின்றது. "நிழல் வரட்டுமே அண்ணி" என்றாள் நாத்தனார். எனக்கா பொறுக்கும்? கடைசியில் நிழல் வந்தபிறகுதான் கண்ணாடி கண்ணாடியானது.

9 மார்ச், திங்கள்

யாரும் கூப்பிடவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்ததில் சார்ஜ்தான் இறங்கியது.

12 மார்ச், வியாழன்

புத்தகக் கடை. கண்ணாடியெல்லாம் பெயின்ட் புள்ளி. சோப்புத் தண்ணீர் விட்டு பிளேடால் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். "கண்ணாடி இருக்கா இல்லையான்னு தொட்டுப் பாத்தேம்மா" என்றார் கடைக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பல் டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டார். அங்கே பிடித்துப்போனால் மாதாமாதம் வேலை!

14 மார்ச், சனி

என்ன பண்ணித் தொலைச்சேன் நான்!

டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தார். பெரிய சன்னலின் உள்பக்கம் மங்கலாக, கொப்புளம் கொப்புளமாக ஏதோ ஒட்டியிருந்தது. பழைய ஸ்டிக்கர் பசை என்று நினைத்தேன்.

"கேட்டுட்டு செய்யலாம் அண்ணி."

"அழுக்க எடுக்க பர்மிஷன் வேறயா?" – சொன்னது நான்தான், இந்த வாய்தான். பிளேடைப் போட்டு ஒரு கண்ணாடி முழுக்க உரித்துவிட்டேன். வெயில் பளீரென்று உள்ளே விழுந்தபோதுகூட உறைக்கவில்லை. இடுப்பில் கைவைத்துப் பெருமையாக நின்றேன். அது வெயிலுக்கென்றே ஒட்டிய கூலிங் பேப்பர்! டாக்டரம்மா வந்து ஒருவரை நாற்காலியில் சாய்த்தார். மனிதர் வாயைத் திறந்தார், கண்ணைத்தான் திறக்க முடியவில்லை.

"யாரு உங்களச் சுரண்டச் சொன்னது?"

புதுப் பேப்பர் ஒட்டித் தருவதாக ஒப்புக்கொண்டேன். கையிலிருந்த பணம் அதோடு சரி. மாத வேலையும் போச்சு.

ஏணியின் மறுமுனையைப் பிடித்தபடி நாத்தனார் வீடுவரை வந்தாள். வாசலில் இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு அண்ணன் சம்பளம் இருக்கு அண்ணி. எனக்கு யாரு இருக்கா?"

நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேனே.

17 மார்ச், செவ்வாய்

பழைய கம்பெனிக்கே திரும்பிவிட்டாளாம். சேர்த்துக்கொண்டார்களாம், புதுசாக வந்தவளைப் போல அடிமட்டத்தில். இவர்தான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. "நீயும் ஆஸ்பத்திரிக்கே போயிடேன்" என்றார். போகலாமா? அவளைக் கிளப்பிவிட்டு, நடுவில் விட்டு, நான் மட்டும் பத்திரமாகப் போய் உட்காருவதா? மாட்டேன்.

20 மார்ச், வெள்ளி

நாத்தனாருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

25 மார்ச், புதன்

தனியாக ஏணி தூக்குவது லேசில்லை. திரும்புகிற இடமெல்லாம் இடிக்கிறது. இப்போது எதைத் தொடும் முன்னும் கேட்கிறேன். இது என்ன, யார் ஒட்டியது, எடுக்கலாமா? "துடைக்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?" என்றார் பேக்கரிக்காரர். ஆனாலும் அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்.

2 ஏப்ரல், வியாழன்

பேக்கிங் கம்பெனித் தெருவையே இத்தனை நாளும் சுற்றிக்கொண்டு போனேன். இன்று நேராக உள்ளே போய் வேலை கேட்டேன். "முன்பக்கம், வெளியே மட்டும் துடைங்க. பாக்கலாம்" என்றார் மேனேஜர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். கையை ஆட்டினேன். பார்த்தாள். குனிந்துகொண்டாள். எனக்கு இது வேண்டும்தான். கண்ணைத் துடைப்பதா, கண்ணாடியைத் துடைப்பதா என்று தெரியாமல் வைப்பரை இழுத்தேன்.

முடித்து வாளியைத் தூக்கும்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அவள்தான். ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். கறை. துடைத்தேன், போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். மறுபடி அதே இடத்தைத் தட்டினாள்.

"இன்னும் எங்கடி?" என்று கத்தினேன், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கறை அவள் பக்கம்.

கையுறையைக் கழற்றி, கண்ணாடியில் ஊதி, தன் கையாலேயே அதைத் துடைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.